ஊசி முனையிலே பூத்த மலர்கள்

சென்ற மார்கழி விடுமுறைக்கு என் பேர்த்தி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கொழும்பிலே உயர்தர வகுப்பிற் பயிலும் பிள்ளை. ஒரு கையிற் பரீட்சைப் புத்தகங்களும் மறுகையிற் கைத்தொலைபேசியுமாக வந்திறங்கியவளுடைய முகத்திலே பதினெட்டு வயதுக்குரிய தெளிவைக் காணவில்லை. மூன்றாம் நாள் இரவு என் கட்டிலருகே வந்து உட்கார்ந்தாள். "அம்மம்மா, படுத்தால் நித்திரை வருகுதில்லை. எழுந்தால் மனம் ஓரிடத்தில் நிற்குதில்லை" என்றாள்.

நான் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. புத்திமதி கேட்டு உறங்கியவர் எவரையும் நான் அறியேன். மறுநாட் காலை அலுமாரியைத் திறந்து, ஒரு மரவளையத்தையும், ஊசியையும், சிவப்பு நூற்கட்டொன்றையும் எடுத்து அவள் முன்னே வைத்தேன். "வேலியோரத்திலே செவ்வரத்தை பூத்திருக்கிறது. அதைப் பார்த்து இந்தத் துணியிலே தைத்துப் பார், பிள்ளை" என்றேன்.

அவள் சிரித்தாள். "இது எதற்கு அம்மம்மா? இயந்திரத்தால் தைத்த பூ கடையிலே மலிவாகக் கிடைக்கிறதே!"

கேள்வி நியாயமானதுதான். ஆனால், அது எனக்குப் புதிய கேள்வியன்று. நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே இதே கேள்வியை வேறொருவர் என்னிடம் கேட்டிருக்கிறார். அவருக்கு அன்று நான் விடை சொல்லவில்லை. அவ்விடையை இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

நான் ஊசி பிடிக்கப் பழகியது 1960களின் நடுப்பகுதியிலே. எங்கள் பாடசாலையில் வெள்ளிக்கிழமை பிற்பகல் தையல் வகுப்பு நடைபெறும். யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளைகளின் கல்வியோடு தையலுக்கு நெடுங்காலத் தொடர்புண்டு. அமெரிக்க மிஷனரிமார் 1824ஆம் ஆண்டிலே உடுவிலிற் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கியபோது, வாசிப்பு, எழுத்து ஆகியவற்றோடு ஊசி வேலையும் பாடங்களில் ஒன்றாயிருந்தது. தையற்கலை நமக்கு அந்நியமானதென்று இதனாற் கொள்ளவேண்டியதில்லை. தைத்தலைக் குறிக்கத் 'துன்னம்' என்றொரு பழஞ்சொல் நம்மிடமிருந்தது. சிலப்பதிகாரத்திலே புகார் நகரத்துத் தொழிலாளரைக் கூறுமிடத்திற் துன்னகாரரும் இடம்பெறுகின்றனர். ஆயினும், வெள்ளைத் துணியின் மூலையிலே வண்ண நூலாற் பூ வரைவதை எங்கள் வகுப்பறைகளுக்குக் கொண்டுவந்தவை மிஷன் பாடசாலைகளே எனலாம்.

அந்தத் தொடர்பினாலே ஒரு வேடிக்கையும் நேர்ந்தது. எங்களிடமிருந்த மாதிரிப் புத்தகங்கள் இங்கிலாந்திலிருந்து வந்தவை. அவற்றிலே டெய்சியும் பான்சியும் நீலமணிப் பூக்களுமே நிறைந்திருந்தன. அப்பூக்களில் ஒன்றையேனும் நாங்கள் நேரிற் கண்டதில்லை. காணாத பூக்களைக் காபன் தாளின் உதவியோடு லேஞ்சி மூலைகளிற் பதித்து, புத்தகம் சொன்ன நிறத்தையே இட்டுத் தைத்துவந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் தையல் ஆசிரியை கையில் ஒரு செவ்வரத்தம்பூவோடு வகுப்புக்கு வந்தார். அதை மேசைமீது வைத்து, "புத்தகத்தை மூடிவிட்டு இதைப் பாருங்கள். முதலிற் பார்க்கப் பழகுங்கள், தைப்பது பிறகு" என்றார்.

அன்றுதான் நான் செவ்வரத்தையைப் பார்த்தேன் என்று சொல்லவேண்டும். நாள்தோறும் அதைப் பறித்துச் சுவாமிக்கு வைத்தவளே, எத்தனை இதழ் என்று கேட்டபோது தடுமாறினேன். இதழ்கள் ஐந்து. ஒவ்வோர் இதழும் அடுத்த இதழைச் சற்றே தழுவி நிற்கிறது. நடுவிலிருந்து நீண்டு வரும் தண்டைச் சுற்றி மஞ்சள் மகரந்தத் துளிகள். தண்டின் நுனியிலே குண்டூசித் தலை போன்ற ஐந்து சிவப்புப் புள்ளிகள். அந்த ஐந்து புள்ளிகளையும் பிரெஞ்சு முடிச்சினாலே தைத்து முடித்தபோது மாலை மணி அடித்துவிட்டது. மணியோசை என் காதிலே விழவேயில்லை.

1978ஆம் ஆண்டு எனக்குத் திருமணமாயிற்று. புகுந்த வீட்டிலே மாமி ஒருவரே பெரியவர். இளவயதிலே கணவரை இழந்து, தோட்டத்தையும் இரண்டு மாடுகளையும் தனியே பராமரித்து, இரு பிள்ளைகளை ஆளாக்கியவர். அவருடைய கைகள் சும்மா இருந்து நான் கண்டதில்லை. தோட்ட வேலை இல்லாத வேளைகளிற் பனையோலை வார்ந்து பெட்டியும் கடகமும் இழைப்பார். நான் விறாந்தையிலே மரவளையத்தோடு உட்கார்ந்திருப்பதைக் கண்ட முதல் வாரத்திலேயே கேட்டுவிட்டார்.

"பெட்டி இழைத்தால் அரிசி போடலாம். இந்தப் பூவிலே என்ன போடலாம், பிள்ளை?"

அதிற் கோபமில்லை, கேலியுமில்லை. வேலையென்றால் பயன் இருக்கவேண்டுமென்று நம்பியவரின் நேரான கேள்வி அது. எனக்கு விடை தெரியவில்லை. அதன்பின் அவர் கண்ணிற்படாமல், எல்லாரும் உறங்கிய பிற்பாடு விளக்கடியிலே தைப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். பதினேழு ஆண்டுகள் இவ்வாறே சென்றன.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி மாலை வந்தது. வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கானோர் ஒரே இரவில் வீடு வாசல்களை விட்டுத் தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்டதை அறியாதவர் நம்மில் இலர். மழையிலே, நாவற்குழிப் பாலத்தை நோக்கி, ஓரடி வைத்து ஒரு நாழிகை நின்று நடந்த அக்கூட்டத்திலே நாங்களும் இருந்தோம். அவர் துவிச்சக்கர வண்டியிற் சமையற் பாத்திரங்களையும் அரிசியையும் கட்டித் தள்ளினார். என் தோளிலே பிறப்புச் சான்றிதழ்களும் அடையாள அட்டைகளும் இருந்த பை. அந்தப் பையினுள் எப்போதும் கிடக்கும் சிறு தகரப்பெட்டியிலே இரண்டு ஊசிகளும் ஐந்து நிற நூல்களும் இருந்தன என்பதை மூன்று நாட்களின் பின்னரே கண்டேன். மாமி தமக்கென எடுத்துவந்தது ஒன்றே ஒன்று: காலஞ்சென்ற மாமாவின் எட்டு முழ வேட்டி.

கொடிகாமத்துக்கு அருகே உறவினர் வீடொன்றின் பின்விறாந்தையிலே எங்களுக்கு இடங்கிடைத்தது. அங்கே ஏற்கெனவே நான்கு குடும்பங்கள். குறை சொல்வதற்கில்லை, உள்ளதைப் பங்கிட்டார்கள். ஆனால், மாமி பேச்சை நிறுத்திவிட்டார். சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு வெளியைப் பார்த்தபடி இருப்பார். பாதி உண்டு எழுந்துவிடுவார். இழைப்பதற்கு ஓலை கொண்டுவந்து கொடுத்தேன், தொடவில்லை. எழுபது வயதான மனுஷி இப்படியே ஒடுங்கிப் போய்விடுவாரோ என்று அவருடைய மகனும் நானும் இரவுகளிற் பேசிக்கொள்வோம்.

எனக்கும் மனம் சரியாயில்லை. ஒரு பிற்பகல், கைக்கு ஏதாவது வேலை வேண்டுமென்ற தவிப்பிலே, மகளின் கிழிந்த பாவாடைத் துண்டொன்றிலே ஒரு செவ்வரத்தையைத் தைக்கத் தொடங்கினேன். மரவளையம் இல்லை, துணியை இடக்கை விரல்களிற் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். ஒளிந்திருந்து தைப்பதற்கு அந்த வீட்டிலே இடமும் இல்லை. மாமிக்கு எதிரிலேயே தைத்தேன்.

இரண்டாம் நாள் அவர் வாய் திறந்தார். "காம்பு இவ்வளவு நீளமில்லை, பிள்ளை."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"கிணற்றடியில் நிற்கிறதே, அதற்குக் காம்பு குறுகல். இலை ஓரம் அரம்போல் வெட்டியிருக்கும். நீ தைத்தது வேறு யார் வீட்டுப் பூவோ."

ஏறத்தாழ ஒரு மாதத்தின் பின் நான் கேட்ட அவருடைய முதல் நீண்ட பேச்சு அது. தையலைப் பிரித்தேன். காம்பைக் குறுக்கித் தைத்தேன். "இப்போது சரியா, மாமி?" என்று கேட்டேன். அருகே வந்து உட்கார்ந்து உற்றுப் பார்த்தார். மறுநாட் காலை தம் தலையணையின் கீழிருந்த வேட்டியை எடுத்து, ஓரத்திலிருந்து ஒரு முழத் துண்டு கிழித்து என் மடியிலே போட்டார். "வளவிலே நின்ற எல்லாவற்றையும் இதிலே தை. மறந்து போவதற்கு முன்னே தை" என்றார்.

அன்று தொடக்கம் அவர் சொல்ல நான் தைத்தேன். படலையிலிருந்து கிணற்றடிவரை, மனத்தாலே வளவைச் சுற்றி வந்தோம். வேலிப் பூவரசுக்கு என்ன நிறம் என்று கேட்டேன். "எத்தனை மணிக்கு?" என்று திருப்பிக் கேட்டார். பூவரசம்பூ காலையில் மஞ்சளாக விரியும். மாலையாகும்போது செம்மை படர்ந்து வாடும். எனவே, ஒரே கிளையில் மஞ்சட் பூவொன்றும் சிவந்த பூவொன்றும் தைத்தோம். முல்லை மொட்டுகளைச் சிறு முடிச்சுகளாக இட்டேன். நூல் தீர்ந்துபோகாமல் இருப்பதற்காக ஆறு இழை நூலைப் பிரித்து ஒற்றை இழையாற் தைத்தேன். அக்காலத்திலே ஒரு நூற்கட்டு வாங்குவதென்பது எங்களுக்குக் கனவு.

நந்தியாவட்டைக்கு வந்தபோது சிக்கல் எழுந்தது. வெள்ளைத் துணியிலே வெள்ளைப் பூ. இலக்னோ நகரத்துச் சிக்கன் வேலைக்காரர் வெள்ளை மஸ்லினிலே வெள்ளை நூலாற் பூத்தைப்பார்கள் என்று படித்திருந்தேன். அந்தத் துணிவிலே தொடங்கினேன். நான் ஐந்து இதழ் வரைந்தேன். மாமி ஒப்பவில்லை. "ஆறு, பிள்ளை. நாற்பது வருடம் விடியலிலே பறித்துப் பிள்ளையாருக்கு வைத்தவள் நான்" என்றார். எனக்குச் சந்தேகம் இருந்தது. ஆனாலும் ஆறு இதழே தைத்தேன். பார்வை மங்கியவராதலால் அப்பூவை அவர் கண்ணாற் பார்க்கவில்லை. விரலாற் தடவிப் பார்த்து, "ம்" என்றார். அன்றிரவு சோறு முழுவதையும் உண்டார்.

1996ஆம் ஆண்டு ஏப்பிரல் மாத இறுதியில் வலிகாமத்துக்குத் திரும்பினோம். வீட்டின் ஓடுகள் பாதிக்குமேற் போயிருந்தன. கதவுகள் இல்லை. செவ்வரத்தை பட்டுப்போயிருந்தது. வேலிப் பூவரசு மாத்திரம் ஒன்றும் நடவாததுபோல் நின்றது. நந்தியாவட்டையோ கிணற்றடியிலே வெள்ளை வெளேரெனப் பூத்திருந்தது. மாமி நேரே அங்கே நடந்தார். ஒரு பூவைப் பறித்து, கண்ணருகே பிடித்து, இதழ்களை விரலால் ஒவ்வொன்றாக எண்ணினார். ஐந்து. இன்னொன்றைப் பறித்தார். ஐந்து. பிறகு சிரித்தார். ஆறு மாதத்துக்குப் பின் அவர் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

"அந்தப் பூவைப் பிரித்துத் திருத்தித் தருகிறேன், மாமி" என்றேன்.

"வேண்டாம் பிள்ளை, பிரிக்காதே. நாங்கள் இல்லாத நேரத்திலும் இது பூத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அந்த ஓர் இதழ் அந்தக் கணக்கிலே இருக்கட்டும்" என்றார்.

அத்துணியைத் தாம் இழைத்த ஓலைப்பெட்டிக்கு மேலுறையாக்கி வைத்துக்கொண்டார். 2004ஆம் ஆண்டு அவர் காலமாகும்வரை அது அவருடைய கட்டில் தலைமாட்டிலே இருந்தது. பூவிலே என்ன போடலாம் என்ற கேள்வியை அவர் மறுபடி என்னிடம் கேட்கவில்லை. விளக்கடியில் ஒளிந்து தைக்கும் வழக்கத்தை நானும் விட்டுவிட்டேன்.

பல ஆண்டுகளின் பின் சாங்கிச் சிறைப் போர்வைகளைப்பற்றிப் படித்தேன். 1942ஆம் ஆண்டிலே யப்பானியர் சிங்கப்பூரைக் கைப்பற்றியபோது அங்கே சிறைவைக்கப்பட்ட பெண்கள், ஆளுக்கொரு சதுரத் துணியிலே பூவும் படமும் தம் பெயரும் தைத்தனர். அறுபத்தாறு சதுரங்களை இணைத்து ஒவ்வொரு போர்வையாக்கினர். வேறாக வைக்கப்பட்டிருந்த ஆண்களுக்கு, தம் மனைவியரும் பிள்ளைகளும் உயிரோடிருக்கும் செய்தியை அத்தையல்கள் சொல்லின. அப்போர்வைகளில் மூன்று இன்றும் உள்ளன. இரண்டு அவுஸ்திரேலியப் போர் நினைவகத்திலும், ஒன்று பிரித்தானியச் செஞ்சிலுவைச் சங்கத்திடமும் பேணப்படுகின்றன. அதைப் படித்தபோது கொடிகாமத்துப் பின்விறாந்தை என் கண்முன்னே வந்தது.

பூத்தையல் மனத்துக்கு இளைப்பாறுதல் தருகிறதென்றால் அதிலே மாயம் ஒன்றுமில்லை. கை ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கிறது. கண் ஒரு சிறு வட்டத்தினுள் நிற்கிறது. அடுத்த தையல் எங்கே என்பதைத் தவிர வேறு கேள்விக்கு அங்கே இடமில்லை. பிழைத்தாற் பிரித்துவிடலாம், வாழ்க்கையிற் பிரிக்கக்கூடிய பிழைகள் மிகச் சில. மாலையிலே எழும்போது, காலையில் இல்லாத ஓர் இலை துணியிலே இருக்கிறது. ஆயினும் இதை மருந்தென்று நான் சொல்லவரவில்லை. மனச்சோர்வு நாட்கணக்கில் நீங்காதவர் வைத்தியரை நாடவேண்டும். ஊசியை நம்பியிருத்தல் தகாது.

பழக விரும்பும் மாணவிகளுக்கு, மாணவர்களுக்குந்தான், என் அநுபவத்திற் சில சொல்லுகிறேன். தொடக்கத்துக்கு நான்கு தையல்கள் போதும். கோட்டுக்குக் காம்புத் தையல். வளைவுக்கும் கொடிக்கும் சங்கிலித் தையல். இதழை நிரப்ப நீளமும் குட்டையுமாக மாறிமாறி இடும் நிரப்புத் தையல். மகரந்தத்துக்குப் பிரெஞ்சு முடிச்சு. துணி, சாயம் போகாத வெள்ளைப் பருத்தியாயிருத்தல் நன்று. கடையில் வாங்கும் நூற்கட்டு பெரும்பாலும் எட்டு மீற்றர் நீளமும் ஆறு இழையும் கொண்டது. முழங்கையிலிருந்து விரல்நுனிவரையான நீளத்துக்கு, சுமார் 45 சென்ரிமீற்றர், வெட்டிக்கொள்ளுங்கள். நீண்ட நூல் சிக்குப்படும். இழைகளை ஒவ்வொன்றாக உருவியெடுத்து, வேண்டிய இரண்டையோ மூன்றையோ மறுபடி சேர்த்தால் முறுக்கு விழாது. ஊசியின் இலக்கம் கூடக்கூட ஊசி மெலிதாகும் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

இதழை நிரப்பும்போது ஒரு தையல் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் நீண்டால் நூல் தொய்ந்து எதிலாவது மாட்டிக்கொள்ளும். தைத்து முடிந்ததும் துணியை மரவளையத்திலிருந்து கழற்றிவிடுங்கள். இல்லையேல் வளையத்தின் அடையாளம் நிலைத்துவிடும். சிவப்பு நூலைப் பயன்படுத்துமுன் ஒரு சிறு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்தி, சாயம் போகிறதா என்று பாருங்கள். கழுவுவதற்குக் குளிர்ந்த நீரும் மென்மையான சவர்க்காரமும் போதும். ஸ்திரி போடும்போது தடித்த துவாயின்மேற் பூ கீழ்நோக்கியிருக்க வைத்து, பின்புறத்தால் அழுத்துங்கள், தையல் தட்டையாகாது. வலக்கையாற் தைப்பவருக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வரவேண்டும். அப்போது கையின் நிழல் துணியில் விழாது. இருபது நிமிடத்துக்கொருமுறை தலை நிமிர்ந்து தூரத்து மரத்தைப் பாருங்கள். கண்ணுக்கு ஓய்வு, மரத்தையும் பார்த்ததாகும்.

எல்லாவற்றிலும் முதன்மையானது எங்கள் ஆசிரியை சொன்னதே. மாதிரிப் படத்தை மூடிவிட்டு, உங்கள் வளவிலோ அயலிலோ நிற்கும் ஒரு பூவை எடுத்துப் பாருங்கள். தொடர்மாடியில் வசிப்போருக்குச் சாடியில் நிற்கும் ஒரு பூவேனும் கிட்டாமற் போகாது.

என் பேர்த்தியின் கதையை முடிக்கவில்லை. அவள் அன்று வேண்டாவெறுப்பாகவே ஊசியை எடுத்தாள். முதல் இதழை மூன்றுமுறை பிரித்தாள். விரலில் இரண்டு தரம் குத்திக்கொண்டாள். நான்காம் நாள் பிற்பகல் தேநீரோடு சென்றபோது, கைத்தொலைபேசி கதிரையிலே கவிழ்ந்து கிடந்தது. அவள் வேலியடியிலே நின்று ஒரு செவ்வரத்தையின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பரீட்சைப் பயம் அவளை விட்டுப் போய்விட்டதென்று நான் எழுதமாட்டேன். அவ்விரவு பத்து மணிக்கு உறங்கினாள் என்பதை மாத்திரம் எழுதுகிறேன்.

கொழும்புக்குப் புறப்படும் நாளன்று அலுமாரியிலிருந்த மாமியின் துணியை அவளுக்குக் காட்டினேன். வேட்டித் துணி பழுப்பேறிவிட்டது. ஆதலால் அன்று புலப்படாத வெள்ளைப் பூ இப்போது நன்றாகத் தெரிகிறது. அவள் அதை யன்னல் வெளிச்சத்திலே பிடித்து உற்றுப் பார்த்தாள். பார்க்கப் பழகிவிட்டாள் போலும்.

"அம்மம்மா, நந்தியாவட்டைக்கு ஐந்து இதழ்தானே? இதிலே ஆறு இருக்கிறதே!" என்றாள்.

பேருந்துக்கு இன்னும் ஒரு மணிநேரம் இருந்தது. "இங்கே வந்து உட்கார், பிள்ளை. சொல்லுகிறேன்" என்றேன்.